ஆயிரம் ரூபாய் நடந்து வரும் வழி: புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் பற்றி ஒரு மதிப்புரை

புதுமைப் பெண் திட்டத்தின் விதியைப் படிக்க ஒரு நிமிடம் போதும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை (பத்தோடு பாலிடெக்னிக், ஐடிஐ போகிறவர் என்றால் பத்து வரை) அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் விழும். குடும்ப வருமானம் கேட்பதில்லை. சாதிச் சான்று கேட்பதில்லை. அக்காவும் வாங்குகிறாளா என்று கேட்பதில்லை. வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது உண்டு. இவ்வளவு குறைவாகக் கேள்வி கேட்கும் பணத் திட்டம் நம் ஊரில் அபூர்வம்.

ஆனால் அந்த விதிக்கும் ஏடிஎம் இயந்திரத்துக்கும் நடுவில் நான்கு கணினிப் பதிவுகள் நிற்கின்றன: பள்ளியின் எமிஸ், கல்லூரியின் யூமிஸ், ஆதார், வங்கி இணைப்பு. நான்கும் ஒரே ஆளை ஒரே மாதிரி சொன்னால்தான் பணம் நகரும். விதிக்குத் தகுதி இருந்தும் பணம் வராதவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இந்த நான்கில் ஒன்றில்தான்.

முதலில் விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 18.3.2022 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வாசித்த நிதிநிலை அறிக்கையில், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நினைவு திருமண நிதியுதவித் திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. 698 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். காரணமாகச் சொன்னது, அரசுப் பள்ளி மாணவிகளில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் 46 சதவீதம்தான் என்பது. பழைய திட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணின் கல்யாணத்துக்கு 25,000 ரூபாய், பட்டமோ டிப்ளமோவோ முடித்திருந்தால் 50,000 ரூபாய், கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கம். புதியதில் மூன்று வருட பி.ஏ., பி.எஸ்சி. முடிக்கும்போது மொத்தம் 36,000, நான்கு வருட பி.இ. என்றால் 48,000. தங்கத்தின் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் பழையதுதான் பெரிய தொகை. தாலிக்குத் தங்கத்தை நிறுத்தலாமா என்று அப்போது எதிர்ப்பு வந்ததிலும் ஆச்சரியமில்லை. ஆனால் கல்யாணத்தின்போது மொத்தமாக வந்த பணம் கல்யாணச் செலவுக்குப் போயிற்று. இது பெண்ணின் கணக்குக்கு, அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே போகிறது. செமஸ்டர் கட்டணம், ஜெராக்ஸ், லேப் ரெக்கார்டு, மதியச் சாப்பாடு என்று செலவு வருகிற மாதத்திலேயே பணமும் வருவதுதான் இதன் பலம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் ஆயிரத்தில் பஸ்ஸுக்குப் போவதும் குறைவு.

பிறகு விதி அகன்றது. 19.2.2024 அன்று தங்கம் தென்னரசு வாசித்த நிதிநிலை அறிக்கையில் ஆண்களுக்கு தமிழ்ப் புதல்வன் வந்தது, ஒதுக்கீடு 360 கோடி. அதே உரையில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் புதுமைப் பெண் நீட்டிக்கப்பட்டது. தேதிகளை அடுக்கினால் ஒரு விஷயம் புரியும். 2022 மார்ச்சில் சொன்னது 5.9.2022 அன்று தொடங்கியது, ஐந்தரை மாதம். 2024 பிப்ரவரியில் சொன்ன தமிழ்ப் புதல்வன் 9.8.2024 அன்று கோவையில் தொடங்கியது; ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. உதவி பெறும் பள்ளிப் பெண்களுக்கான விரிவாக்கமோ 30.12.2024 அன்று தூத்துக்குடியில்தான் தொடங்கியது. பத்து மாதத்துக்கும் மேல். டிவியில் நிதிநிலை அறிக்கையைக் கேட்டுவிட்டு மறுநாளே இ-சேவை மையத்துக்கு ஓடுவதில் பயனில்லை. சட்டசபை அறிவிப்புக்குப் பிறகு துறையின் அரசாணை, அதன்பின் வழிகாட்டு நெறிமுறை, அதன்பின் இணையதளத்தில் அதற்கான கட்டம் திறப்பது என்று வரிசை இருக்கிறது. கடைசிப் படிதான் நமக்குக் கதவு.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமாக வந்தது. பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கு 2021இல் தனிச் சட்டம். அங்கே ஓர் இடம் மறுக்கப்பட்டால் சட்டப் பிரிவைக் காட்டி நீதிமன்றம் போகலாம். மாதம் ஆயிரம் அப்படியல்ல. அது அரசாணையில் நிற்கும் திட்டம். ஒவ்வொரு வருடமும் மானியக் கோரிக்கையில் பணம் ஒதுக்கி, நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறி ஓடுவது. இன்னோர் அரசாணை போதும், விதி மாற.

இனி தகுதி. "அரசுப் பள்ளி" என்றால் கல்வித் துறைப் பள்ளி மட்டும் இல்லை. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் எல்லாம் கணக்கில் சேரும். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளைத் தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவரும் சேர்வார். இது பலருக்குத் தெரியாமல், "தனியாரில் படிச்சதாச்சே" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். மாறாக, கட்டணம் கட்டி ஒரே ஒரு வருடம் தனியாரில் படித்திருந்தாலும் கதவு சாத்திக்கொள்ளும். கொரோனா சமயத்தில் பள்ளி மாறியவர்கள், அப்பா வேலை மாறி ஓராண்டு வேறு மாநிலத்தில் படித்தவர்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். ஏழு வருடத்தில் ஒரு வருடம் வேறு பள்ளியில் இருந்ததால் அந்தப் பெண்ணின் தேவை குறைந்துவிடாது. விதி இங்கே தேவைக்கு மேல் கறாராக இருக்கிறது.

உதவி பெறும் பள்ளி என்றால் தமிழ் வழி கட்டாயம். அரசுப் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தவருக்குப் பணம் உண்டு, பக்கத்துத் தெருவிலுள்ள உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தவருக்கு இல்லை. உதவி பெறும் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு பெரும்பாலும் சுயநிதியில் நடப்பது. மானியம் போகும் கோட்டோடு விதியும் போயிருக்கிறது. கணக்கு அதிகாரிக்கு அது நியாயம். அந்தத் தெருவில் இருப்பவருக்கு அது விளங்காது.

அஞ்சல் வழி, தொலைதூரக் கல்விக்கு இல்லை. பள்ளி முடித்து முதன்முறையாகச் சேரும் படிப்புக்குத்தான், எம்.ஏ., எம்.எஸ்சி.க்கு நீளாது. பத்தாம் வகுப்புக்குப் பின் ஒரு வருட ஐடிஐயில் சேர்ந்து பணம் வாங்கத் தொடங்குகிறவர் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்: அந்தப் பன்னிரண்டாயிரம்தான் அவருடைய பங்காக முடிந்துவிடலாம்.

விண்ணப்பம் தனியாக எழுதுவதில்லை. இ-சேவை மையத்தில் காசு கொடுத்து "புதுமைப் பெண் அப்ளிகேஷன்" போட்டோம் என்று யாராவது சொன்னால் அந்தக் காசு வீண். கல்லூரியில் இதற்கென்று ஒரு பேராசிரியர் இருப்பார். நோடல் ஆபீசர் என்பார்கள். அவர் மாணவியின் எமிஸ் எண்ணை யூமிஸ் தளத்தில் போட்டதும் பள்ளி வரலாறு வகுப்பு வாரியாக வந்து நிற்கும். அதன் மேல் கல்லூரியின் சேர்க்கை விவரம், ஆதார் சரிபார்ப்பு, வங்கி விவரம். மாணவி கையில் வைத்திருக்க வேண்டியவை: மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், ஆதார் அட்டை, பாஸ்புக் முதல் பக்கம், ஓடிபி வரும் போன். இந்தக் கடைசிப் பொருளில்தான் முதல் தடங்கல். ஆதாரில் பதிந்திருக்கும் எண், பத்து வருடத்துக்கு முன் அப்பா வைத்திருந்த சிம் எண்ணாக இருக்கும். அது இப்போது வேறு யாரிடமோ. ஆதார் மையத்தில் எண்ணை மாற்றி அது பதிவாகும்வரை காத்திருக்க வேண்டும். சேர்க்கை நாளன்று இதைக் கண்டுபிடித்தால் தாமதம்தான்.

இரண்டாவது, பதினைந்து வயது கைரேகை. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் ஆதாரில் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. பத்தாம் வகுப்புப் பரபரப்பில் இதை யாரும் நினைப்பதில்லை. கல்லூரியில் விரலை வைத்தால் கருவி பொருந்தவில்லை என்று சொல்லும். உள்ளே இருப்பது குழந்தை விரல்.

மூன்றாவது, பெயர். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் "கவியா மு". ஆதாரில் "கவியா முருகன்", ஏனென்றால் ஆதார் எடுத்தவர் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார். மாற்றுச் சான்றிதழில் "மு. காவியா". ஒரு கால் கூடியிருக்கிறது, இனிஷியல் முன்னே பின்னே போயிருக்கிறது. மனிதர் பார்த்தால் மூன்றும் ஒரே பெண். கணினிக்கு மூன்று பேர். லட்சுமி, சந்தியா, தீபிகா போன்ற பெயர்களுக்கு ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

எதை மாற்றுவது? பலர் முதலில் ஆதாருக்கு ஓடுகிறார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். எனவே அடிப்படை ஆவணம் எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். பின்னால் பாஸ்போர்ட், வேலை, கல்யாணப் பதிவு எல்லாம் அதைத்தான் பார்க்கும். பட்டியலில் உள்ளபடி ஆதாரை ஒரே ஒரு முறை திருத்திவிட்டு, மற்றவற்றை அதற்கு இழுத்துக்கொண்டு வருவதே சரி. பட்டியலிலேயே தவறு என்றால் அது நீண்ட அலைச்சல். தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறை வரை போக வேண்டும். அதனால் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் எமிஸில் தயாராகும்போது வகுப்பாசிரியர் காட்டும் தாளில் கையெழுத்துப் போடுமுன் எழுத்தெழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிடம் பிற்பாடு இரண்டு வருடத்தை மிச்சப்படுத்தும்.

நான்காவது தடங்கல், எல்லாவற்றிலும் மோசமானது, வங்கி. "கணக்கில் ஆதார் சேர்த்தாச்சு" என்பதும் "அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வரும்" என்பதும் வேறு வேறு. கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்புக்காக ஆதார் நகலைக் கொடுத்திருப்பீர்கள். அது வங்கியின் சொந்தப் பதிவு. டிபிடி என்கிற நேரடிப் பணப் பரிமாற்றம் தேடுவது, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் என்கிற என்பிசிஐயின் பட்டியலை. அதில் ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான் இருக்கும், கடைசியாக இணைத்தது எதுவோ அது. கல்லூரிக்கு ஒரு பாஸ்புக் நகலைக் கொடுத்துவிட்டு அதிலேயே பணத்தைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு, பணம் வேறொரு வங்கியில் அமைதியாகச் சேர்ந்துகொண்டிருக்கலாம். செல்போன் கடையில் இரண்டு நிமிடத்தில் திறந்து தந்த பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்காகவும் அது இருக்கலாம்.

பார்க்கும் வழி எளிது. மை ஆதார் இணையதளத்தில் ஓடிபி கொடுத்து உள்ளே போய் "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" என்பதை அழுத்தினால், எந்த வங்கி, இணைப்பு நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். மாற்ற வேண்டுமானால் விரும்பும் வங்கிக் கிளைக்குப் போய், ஆதார் இணைப்பு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் "டிபிடிக்கு என்பிசிஐ சீடிங்" என்றே கேட்டு ஒப்புதல் படிவம் கொடுங்கள். சில நாள் கழித்து அதே இணையதளத்தில் வங்கிப் பெயர் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளையில் "போட்டாச்சும்மா" என்று சொன்னது போதாது.

பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த பூஜ்ய இருப்புக் கணக்கு இரண்டு வருடம் தொடாமல் கிடந்து செயலற்றுப் போயிருக்கும். மைனராக இருந்தபோது அம்மாவைக் காப்பாளராகப் போட்டுத் திறந்த கணக்கு, பதினெட்டு முடிந்ததும் புதுக் கையெழுத்து, புதுக் கேஒய்சி கேட்கும். இவற்றில் ரிசர்வ் வங்கியின் விதி மாணவர் பக்கம் இருக்கிறது: 1.4.2024 முதல் நடப்பிலுள்ள அறிவுறுத்தல்படி, ஸ்காலர்ஷிப், அரசு உதவிக்கான பூஜ்ய இருப்புக் கணக்குகளைத் தனியே பிரித்து வைத்து, உதவித்தொகை தடையில்லாமல் வரவாக வழி விட வேண்டும். செயலற்ற கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதமும் பிடிக்கக் கூடாது. கிளையில் பிடித்தால் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க, மருத்துவப் பக்கம் இரண்டு விதி மாற்றங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்ந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. நல்ல மாற்றம்தான். ஆனால் கணக்குப் போடுங்கள்: நாள் கூலி 500 ரூபாய், வருடத்தில் 240 நாள் வேலை, அத்தோடு வரம்பு தொட்டாயிற்று. கொத்தனார் வீடு கூட உண்மையைச் சொன்னால் வெளியே போய்விடும். அதனால் சான்றிதழ் கேட்கப் போகிறவர்கள் உண்மையைச் சொல்வதில்லை. வருமானமே கேட்காத புதுமைப் பெண் இந்த விதத்தில் மேல். காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்து மையத்தில் புகைப்படம் எடுக்க வேண்டும். நெஞ்சுவலி வந்த பிறகு கார்டைத் தேடுவது வேண்டாம். மருத்துவமனையில் சேர்ந்ததும் காப்பீட்டு மேசையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா, முன் அனுமதி வந்துவிட்டதா? வந்த பிறகும் அதே சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் காப்பீட்டுத் திட்டத்தின் உதவி எண் 1800 425 3993.

மற்றொன்று டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 18,000 ரூபாயில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். ஐந்து தவணையாக இருந்த ரொக்கம் மூன்றாகக் குறைக்கப்பட்டது. தவணை குறைந்தால் தடங்கலும் குறையும் என்பது சரியான யோசனை. இங்கேயும் பெயர்தான் வில்லன்: கல்யாணத்துக்குப் பின் ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல், ஆதாரில் அப்பா இனிஷியல், வங்கிக் கணக்கு பிறந்த ஊரில்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால், விதிக்கு ஐந்துக்கு நாலரை. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி நிபந்தனைக்கும் ஒரு வருட இடைவெளியின் கறாருக்கும் அரை குறைத்தாயிற்று. தொகைக்கு மூன்று, 2022இல் வைத்த ஆயிரம் 2025-26 நிதிநிலை அறிக்கையிலும் ஆயிரமாகவே இருந்தது, மெஸ் பில் அப்படி நிற்கவில்லை. பணம் வந்து சேரும் ஏற்பாட்டுக்கு மூன்று. குறை தெரிவிக்கும் வழிக்கு இரண்டுதான். நின்று போனதென்று குறுஞ்செய்தி வருகிறதே தவிர, நான்கு பதிவில் எதில் நின்றது என்பது மாணவி கைக்கு எளிதில் எட்டுவதில்லை. கல்லூரி வங்கியைக் காட்டும், வங்கி ஆதாரைக் காட்டும், ஆதார் மையம் பள்ளியைக் காட்டும்.

பணம் நின்றால் இந்த வரிசையில் போனால் சுற்றல் குறையும். முதலில் மை ஆதாரில் வங்கி இணைப்பு. பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். அது சரியாக இருந்தால் அந்த வங்கியில் பாஸ்புக் பதிந்து, கடைசி வரவு எந்த மாதம் என்று பாருங்கள். பிறகு நோடல் ஆபீசரிடம் யூமிஸில் தன் நிலை என்ன என்று திரையைக் காட்டச் சொல்லுங்கள். தொடர்ந்து படிக்கிறார் என்பதைக் கல்லூரி உறுதி செய்யாமல் விட்டிருந்தால் அங்கே தெரியும். பள்ளி வரலாற்றில் ஒரு வகுப்பு விடுபட்டிருந்தால் அந்தப் பள்ளியில் படித்ததற்கான போனஃபைடு சான்றிதழ் வாங்கி எமிஸைத் திருத்தச் சொல்ல வேண்டும். பள்ளிக் கல்வி உதவி எண் 14417. இதெல்லாம் சரியாக இருந்தும் வராவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலகம், மனு எழுத்தில், பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒரு நகல். அதற்கும் அசையாவிட்டால் முதலமைச்சர் உதவி மையம் 1100. மனுவில் "பணம் வரவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். யூமிஸ் எண், எமிஸ் எண், இணைந்துள்ள வங்கியின் பெயர், கடைசியாக வந்த மாதம், இந்த நான்கையும் முதல் இரண்டு வரியிலேயே எழுதுங்கள்.